அக்கா மகளிடம் மறைத்தது

கண்ணாடி போட்டவர்கள் விமானி ஆக முடியாது என்று 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் என் அக்கா மகளிடம் சொன்னேன். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவன் போலச் சொன்னேன். அந்த ஆண்டு நடுவிலேயே அது தவறு என்று தெரிந்துவிட்டது. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. அவளுடைய படிப்புக்கென்று சேர்த்த பணம் அந்த நேரத்தில் வங்கியில் அப்படியே இருந்தது.

நான் செய்தது இவ்வளவுதான். ஏன் செய்தேன் என்பதையும் சொல்லாமல் விட்டால் பாதியை மீண்டும் மறைத்தவனாவேன்.

எங்கள் வீடு கொத்மலையில், பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருக்கிறது. அம்மா கொழுந்து பறித்தவர். எங்கள் லயத்திலிருந்து முதலில் கம்பஸ் போனவன் நான். பேராதனையில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அறைக்கும் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் பணம் வேண்டும். அந்தப் பணம் ரியாத்திலிருந்து வந்தது. அக்கா கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு அங்கே ஒரு வீட்டில் வேலைக்கு நின்றார். அவர் தேசம் விட்டுப் போனதால்தான் நான் தேசத்தில் நின்று படித்தேன். பிறகு அத்தான் கத்தாருக்குப் போனார், சாரதியாக. இன்றுவரை அங்கேதான் இருக்கிறார். எங்கள் குடும்பத்தில் வெளிநாட்டுக் காசு படாத சுவர் ஒன்றுகூட இல்லை.

இப்படிப்பட்ட நான்தான் கணித ஆசிரியராகி, கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகளிடம் "இங்கேயே நில்லுங்கள்" என்று பேசி வந்தேன். அந்தப் பேச்சில் நான் நம்பாதது எதுவும் இல்லை. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் தாத்தாக்களை ஒரே நாளில் நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று எங்களைப் பங்கு பிரித்தார்கள். மீதி 150,000 பேரைப் பத்து ஆண்டு கழித்து இரண்டு நாடுகளும் ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டன. ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏறித் தலைமன்னார் போய்க் கப்பல் ஏறியவர்களில் என் சின்னத்தாத்தா குடும்பமும் உண்டு. போ என்று சொல்லி அனுப்பப்பட்ட ஒரு சமூகத்தில் படித்தவன் போகாமல் நிற்பது ஒரு பதில் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பதிலைச் சொல்ல வேண்டியது யார் என்பதில் நான் பிழைவிட்டேன்.

அக்கா மகள் எட்டாம் வகுப்பில் கண்ணாடி போட்டாள். கரும்பலகை தெரியவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு, பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்ததை நான்தான் கண்டுபிடித்தேன். உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுத்தாள். எங்கள் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் அது கிடையாது என்பதால் ஹட்டனில் தங்கிப் படித்தாள். அத்தான் லீவு முடிந்து திரும்பும்போதெல்லாம் கட்டுநாயக்க வரை போய் வழியனுப்புவார்கள். மற்றவர்கள் அழுதுகொண்டிருக்க இவள் விமானம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாளாம். முன்சக்கரம் தரையை விட்டு எழும் நேரத்தைப் பற்றி என்னிடம் கேட்டிருக்கிறாள். உந்துவிசை, ஏற்றுவிசை என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டினேன். அவள் கேட்டது அதுவல்ல என்று பிறகுதான் புரிந்தது.

2018 உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு சொல்லிவிட்டாள்: இரத்மலானையில் பயிற்சி, பிறகு வர்த்தக விமானி அனுமதிப்பத்திரம், பிறகு வளைகுடாவில் வேலை. அத்தான் விசாரித்துப் பார்த்ததில் செலவு எழுபது இலட்சத்தைத் தொட்டது. 2019 ஜனவரியில்தான் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாய் என்று ஒப்பந்தமானது. ஆயிரம் ரூபாய் கேட்டுத் தெருவில் நின்றவர்களுக்குக் கிடைத்தது அதுதான். எழுபது இலட்சம் என்றால் அந்தக் கணக்கில் பத்தாயிரம் நாள் கொழுந்து. அத்தானிடம் பாதிக்கு மேல் சேமிப்பு இருந்தது. புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் அவருடைய அண்ணன் மீதியைத் தருவதாகச் சொல்லியிருந்தார். ஒரு சொல் மட்டும்தான் பாக்கி. "மாமா சரின்னா சரி" என்று அக்கா சொல்லிவிட்டார்.

அன்று இரவு பேசினோம். அத்தான் கத்தாரிலிருந்து தொலைபேசியில். நான் நேர்மையாகத்தான் தொடங்கினேன். இருநூறு மணிநேரம் பறந்து அனுமதிப்பத்திரம் எடுத்துவிட்டால் அடுத்த நாள் யாரும் கூப்பிட்டு வேலை தரமாட்டார்கள், பெரிய கம்பெனிகள் ஆயிரக்கணக்கான மணிநேர அனுபவம் கேட்கும் என்றேன். பயிற்றுநர் தகுதி எடுத்து, கற்பித்துக்கொண்டே மணிநேரம் சேர்க்கலாம் என்றாள். இங்கே எடுத்த பத்திரத்தை இன்னொரு நாட்டில் மாற்ற மீண்டும் பரீட்சை என்றேன். எந்த நாட்டில் என்னென்ன என்று எழுதி வைத்திருந்த கொப்பியை எடுத்தாள். ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை, ஆறு மாதத்துக்கொரு முறை பாவனைப் பொறியில் பரீட்சை, ஒன்றில் தவறினாலும் பிழைப்பு போச்சு என்றேன். "தோட்டத்துல மட்டும் உடம்பு முடியாட்டி பேர் போடுவாங்களா மாமா?" என்று கேட்டாள்.

அப்போது நான் செய்ததற்குக் கூசுகிறேன். 1974 டிசம்பர் 4 இரவை இழுத்தேன். சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றி வந்த மார்ட்டின்எயார் விமானம் கொழும்பில் இறங்க வந்து, தான் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்து, ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேர், ஒருவரும் பிழைக்கவில்லை. என் அம்மாவின் தாய்வீடு நோட்டன் பிரிட்ஜ் பக்கம் என்பதால் அந்த இரவைக் கேட்டே வளர்ந்தோம். அக்காவின் முகம் மாறும் என்று தெரிந்தே சொன்னேன். மாறியது. ஆனால் மகள் அதையும் படித்திருந்தாள். மலை நெருங்கினால் எச்சரிக்கும் கருவி இப்போது விமானத்தில் இருக்கிறது என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பொறுமையாக விளக்கினாள்.

நான் தோற்றுக்கொண்டிருந்தேன். சொல்லச் சொல்ல அவளிடம் பதில் இருந்தது. அந்த நேரத்தில்தான் அவள் முகத்தில் இருந்த கண்ணாடி கண்ணில் பட்டது.

"இதெல்லாம் சரி. கண்ணாடி போட்டவங்கள எடுக்க மாட்டாங்களே."

விமானப்படை ஆள்சேர்ப்பு விளம்பரங்களில் கண்ணாடியில்லாமல் ஆறுக்கு ஆறு பார்வை கேட்பதை எப்போதோ பார்த்த ஞாபகம். அதைப் பிடித்துக்கொண்டேன். அவளிடம் அதற்குப் பதில் இல்லை. கொப்பியில் மருத்துவப் பரிசோதனை என்று ஒரு வரிதான் இருந்தது, விவரம் இல்லை. "சரியாத் தெரியுமா மாமா?" என்று ஒரு தரம் கேட்டாள். "தெரியும்" என்றேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் போய் விசாரித்திருப்பாள். கொப்பியைப் பார்த்து எழுதிய பிள்ளைக்குக் கண்ணாடி வாங்கித் தந்த மாமா சொன்னதால் விசாரிக்கவில்லை.

சில மாதம் கழித்து என் கண்ணாடியை மாற்றக் கம்பளைக்குப் போனேன். கடைக்காரர் பேச்சுவாக்கில், தன்னிடம் ஒரு பைலட் கண்ணாடி வாங்குவதாகச் சொன்னார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வீட்டுக்கு வந்து தேடினேன். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதி ஒளிவுமறைவில்லாமல் இருந்தது: கண்ணாடியோடோ இல்லாமலோ ஒவ்வொரு கண்ணுக்கும் 6/9, இரண்டும் சேர்ந்து 6/6. கண்ணாடி தேவைப்படுகிறவர் அதைப் போட்டுக்கொண்டே பறக்கலாம், கைக்கு எட்டும் இடத்தில் இன்னொன்று வைத்திருக்க வேண்டும். அவளுக்கு மைனஸ் இரண்டரை. கண்ணாடி போட்டால் கடைசி வரிசை எழுத்தையும் படிப்பாள். நிறப்பார்வையில் குறை இல்லை.

ஒரு தொலைபேசி அழைப்பு போதும். நான் எடுக்கவில்லை. ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். இப்போது போய்ச் சொன்னால் பிள்ளை மனம் குழம்பும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்கா முன்னால் பொய்யனாக நிற்கப் பயந்தேன். இவையும் இருந்தன. அடியில் இருந்தது வேறு.

நான் ஆசிரியராகிச் சில ஆண்டுகளில் மாலைதீவில் கற்பிக்க ஓர் அழைப்பு வந்தது. நம் நாட்டு ஆசிரியர்கள் நிறையப் பேர் அங்கே போகிறார்கள். இங்கே வாங்கியதைவிடப் பல மடங்கு சம்பளம். நான் போகவில்லை. சமூகத்துக்காகப் போகவில்லை என்று மேடையில் சொல்லியிருக்கிறேன், கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். உண்மையில் பயந்துதான் போகவில்லை. ஆங்கிலத்தில் வகுப்பெடுக்கப் பயம், தெரியாத ஊரில் யாரும் "சேர்" என்று எழுந்து நிற்காத வாழ்க்கைக்குப் பயம். என் லயத்திலிருந்து, என் அக்காவின் வயிற்றிலிருந்து ஒரு பெண் பிள்ளை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடல் தாண்டிப் போய் விமானம் ஓட்டினால், நான் நின்றது தியாகம் இல்லை என்பது எனக்கே தெரிந்துவிடும். அதனால் அவளையும் நிற்க வைத்தேன்.

2020 மார்ச்சில் கட்டுநாயக்க மூடப்பட்டது. உலகமெங்கும் விமானங்கள் தரையில் நின்றன, விமானிகள் வேலையிழந்தார்கள். அப்போது அக்காவிடம், "நல்லவேளை, அந்தப் பணத்தைப் போடல" என்றேன். தெரிந்துகொண்டே சொன்ன இந்த வார்த்தைக்கு என்னிடம் எந்தச் சமாதானமும் இல்லை. அந்த டிசம்பரில் ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் பெண்கள் மட்டுமே இயக்கிய விமானத்தைத் திருச்சிக்கு அனுப்பியது. அந்தச் செய்தியை அக்கா மகள் எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினாள், ஒரு வார்த்தையும் எழுதாமல். "சந்தோஷம்" என்று பதில் போட்டேன்.

2022இல் கதை திரும்பியது. ரூபாய் விழுந்தது. இங்கே ரூபாயில் சம்பளம் வாங்கிய விமானிகள் பலர் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குப் போனார்கள். ஆள் பற்றாக்குறையைப் பத்திரிகைகள் எழுதின. 2019 தொடக்கத்தில் 180 ரூபாய் அளவில் நின்ற டொலர் 2022இல் 360 வரை போய், பிறகு இறங்கி, 300ஐச் சுற்றி நின்றது. பயிற்சி விமானத்தின் எரிபொருளும் உதிரிப்பாகமும் டொலரில் வருவதால் பயிற்சிச் செலவும் அதோடு ஏறிவிட்டது. அத்தானின் சேமிப்போ வீடு கட்டப் போய்விட்டிருந்தது. நான் பேசாமல் இருந்த காலத்தில் அந்தக் கதவு அகலமாகத் திறந்தது, அவளால் எட்ட முடியாத உயரத்துக்கும் போனது.

அவள் இப்போது கணித ஆசிரியை. நல்ல ஆசிரியை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் கொத்மலைப் பக்கம் மலை சரிந்து, பாதைகள் அறுந்தபோது, லயத்து ஆட்கள் அவள் பாடசாலையில்தான் தங்கினார்கள். யார் வந்தார்கள், யாரைக் காணவில்லை, எந்தப் பிள்ளைக்கு என்ன மருந்து என்று அவள்தான் பெயர் எழுதி வைத்திருந்தாள். "டீச்சர் இங்க இருந்ததால தப்பிச்சோம்" என்று ஒரு கிழவி என் கையைப் பிடித்துச் சொன்னார். கேட்டதும் உள்ளுக்குள் ஓர் ஆறுதல் வந்தது. பார்த்தாயா, நீ செய்தது சரிதான் என்று. அந்த ஆறுதலைப் பார்த்துத்தான் நான் பயந்தேன். அவளுடைய உழைப்பை எடுத்து என் பொய்க்கு வெள்ளையடிக்கப் பார்க்கிறேன் என்று தெரிந்தது.

பாதை சீரானதும் போய்ச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை, அழவும் இல்லை. "எப்ப தெரிஞ்சிச்சு மாமா?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். அந்த மாதம் பணம் எங்கே இருந்தது, கல்லூரியில் சேர எத்தனை மாதம் இருந்தது என்று அவள் கணக்குப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

"பிள்ளைங்களுக்குப் படிச்சுக் குடுக்கிறது எனக்குப் புடிச்சிருக்கு. நான் போயிருக்காமலும் விட்டிருப்பேன். அது எனக்கே தெரியாமப் போச்சே."

அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிறாள், நான் போனால் தேநீர் தருகிறாள், "மாமா" என்றுதான் கூப்பிடுகிறாள். எதைப் பற்றியும் என்னிடம் யோசனை கேட்பதில்லை.

அக்காவிடம் நானே சொல்ல வேண்டும் என்றாள். சொன்னேன். ரியாத்தில் நின்ற காலத்தில் எனக்கு அனுப்பிய பணத்துக்கு ஒரு நாளும் கணக்குக் கேட்காதவர், "அப்ப அவ போயிருக்கலாமா?" என்று கேட்டார். போயிருக்கலாம் என்றேன். அதற்கு மேல் அவர் பேசவில்லை, நானும் மன்னிப்பைக் கேட்டு நச்சரிக்கவில்லை.

பாடசாலையில் தொழில் வழிகாட்டல் வகுப்பை இன்னொரு ஆசிரியரிடம் கொடுத்துவிட்டேன். என்னிடம் யோசனை கேட்டுத் தங்கள் ஆசையை விட்ட பழைய மாணவர்களோடு ஒவ்வொருவராகப் பேசி வருகிறேன், வேறு யாரிடமும் இப்படித் தெரியாததைத் தெரியும் என்று சொல்லியிருக்கிறேனா என்று. இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

அத்தானுக்கு இன்னும் தெரியாது. பத்தாயிரம் நாள் கொழுந்துக் கணக்கில் பாதிக்கு மேல் சேர்த்தவர் அவர். லீவில் வரும்போது நேரில் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டிருந்தேன். இது அச்சில் வருவதற்கு முன் கத்தாருக்கு அழைத்துப் பேசிவிடுவேன்.