பீரோ மேல் இருந்த பாட்டில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது குடியைப் புகழும் பதிவு அல்ல. புதுச்சேரிக்காரன் பாட்டிலைப் பற்றி எழுதினாலே வெளியூர் நண்பர்கள் ஒரு மாதிரி சிரிப்பார்கள். நான் சொல்ல வந்தது, பத்து வருடம் பத்திரமாக வைத்து வீணாக்கிய ஒரு பாட்டிலின் கதை.

என் அக்கா வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால் 'சொல்தா'. ஓய்வுக்குப் பிறகும் பிரான்சிலேயே தங்கிவிட்டார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அக்காவோடு வருவார். 1999இல் வந்தபோது ஒரு போர்தோ சிவப்பு வைன் கொண்டு வந்தார்.

"மச்சான், இது கொஞ்ச வருஷம் தாங்கும். ஒரு நல்ல நாள் பார்த்துத் திறப்போம்."

"நான் ரிட்டையர் ஆகுற அன்னிக்குத் திறக்கலாம் அத்தான்" என்றேன். அதற்கு இன்னும் பத்து வருடம் இருந்தது.

மாடி அறையில் பீரோ மேல் பாட்டிலை நிறுத்தி வைத்தேன். அறைக்கு மேலே மொட்டை மாடி. சித்திரை வெயிலில் அங்கே மனிதன் படுக்க முடியாது. போகிக்குப் போகி என் மனைவி தூசி துடைத்து அதே இடத்தில் வைப்பாள். வைன் பழசாக ஆகத்தான் ருசி என்று நானும் நம்பியிருந்தேன்.

2001, 2003, 2005 என்று வந்த மூன்று தடவையும் அத்தான் பீரோவை அண்ணாந்து பார்த்து, "இன்னிக்கா மச்சான்?" என்பார். "இன்னும் வருஷம் இருக்கு அத்தான்" என்பேன். 2007இல் அவர் வரவில்லை. அங்கேயே மாரடைப்பில் போய்விட்டார்.

2009இல் ஓய்வு பெற்றேன். அக்காவும் அவள் மகனும் வந்திருந்தார்கள். அவன் தக்கைத் திருகியைப் போட்டதும் தக்கை புட்டு மாதிரி உதிர்ந்தது. கிளாசில் விழுந்தது சிவப்பு இல்லை, பழுப்பு. நாக்கில் வைத்தேன். காடி!

"எங்க மாமா வச்சிருந்தீங்க?" என்று கேட்டான். பீரோவைக் காட்டினேன். தலையில் கை வைத்துக்கொண்டான்.

பிறகு பொறுமையாக விளக்கினான். பாட்டிலைப் படுக்க வைக்க வேண்டுமாம். அப்போதுதான் வைன் பட்டுத் தக்கை ஈரமாக இருக்கும். நிறுத்தி வைத்தால் தக்கை காய்ந்து சுருங்கும், காற்று உள்ளே போகும், வைன் கெடும். வெளிச்சம் படக்கூடாது, ஆட்டம் கூடாது. 12, 13 டிகிரி குளிர் வருடம் முழுக்க ஒரே மாதிரி இருக்க வேண்டும். அந்த ஊர்களில் நிலவறை இருக்கிறது. எங்கள் மாடி அறையோ மே மாதத்தில் அடுப்பு.

இன்னொன்றும் சொன்னான். சிவப்பு வைனில் பாக்கு மாதிரி ஒரு துவர்ப்பு உண்டு. பக்குவமாக வைத்தால் வருடம் போகப் போக அது மென்மையாகும். ஆனால் எல்லா வைனும் அப்படி இல்லை. கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை ஓரிரு வருடத்தில் குடித்துவிடத்தான் செய்யப்படுகின்றன. வைத்தால் கூடாது, குறையும்.

அக்கா அதுவரை பேசவில்லை. கிளாசை வாங்கி ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். "ஒவ்வொரு தடவையும் ஊருக்குத் திரும்பினதும், 'உன் தம்பி இந்த வருஷமும் திறக்கல'ன்னு சிரிப்பார்டா" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வைன் கெட்டதைச் சகித்துக்கொள்ளலாம். அந்த மூன்று சாயங்காலங்களை எங்கே போய்த் தேடுவது?

இப்போதும் அக்கா மகன் வரும்போது ஒரு பாட்டில் கொண்டு வருகிறான். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் படுக்க வைக்கிறேன். நீண்ட காலம் வைக்க அது ஏற்ற இடம் இல்லை, அங்கே காற்று வறட்சி. சில வாரத்துக்குப் போதும். அரை மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து வைத்தால் சரியாக இருக்கும். மீதி இருந்தால் தக்கையைத் திருப்பி அடைத்து, மூன்று நாளுக்குள் முடித்துவிட வேண்டும்.

எனக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை. கொண்டு வந்தவன் ஊருக்குத் திரும்பும் முன்பே திறந்துவிடுகிறோம்.