பத்து மீட்டர் தங்கமும் ஒரு சாண் உண்மையும்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

"பத்து மீட்டர் ஆழத்தில் இருக்கும் தங்கத்தையும் காட்டும் கருவி" என்று செல்போனில் விளம்பரங்கள் வருகின்றன. என் பழைய மாணவன் ஒருவன் மனைவியின் நகையை அடகு வைத்து, ஒன்றரை லட்சத்துக்கு அப்படி ஒன்றை வாங்கத் தயாராகிவிட்டான். அவன் ஊர் மேட்டில் பழங்காசு கிடக்கிறது என்று யாரோ சொன்னார்களாம்.

"ஆஸ்திரேலியாவுல 27 கிலோ தங்கக்கட்டியே கிடைச்சிருக்கே சார்" என்றான். உண்மைதான். 1980-ல் விக்டோரியா மாநிலத்தில் மெட்டல் டிடெக்டரால் கிடைத்தது. ஆனால் அது நூறாண்டுக்கு மேலாகத் தங்கம் எடுத்த பூமி. கட்டியும் மேல்மண்ணில்தான் இருந்தது.

பன்னிரண்டாம் வகுப்பில் படித்த சுழல் மின்னோட்டத்தை அவனுக்கு நினைவுபடுத்தினேன். கருவியின் கம்பிச்சுருள் மாறும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. மண்ணுக்குள் உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் தோன்றி, எதிர்ச் சைகை வருகிறது. அவ்வளவுதான். தங்கம் என்று அதற்குத் தெரியாது. மாத்திரை அட்டையின் அலுமினியமும் மோதிரமும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலிக்கும்.

ஆழமும் அப்படித்தான். சிறு பொருளின் தூரம் இரண்டு மடங்கானால், திரும்பும் சைகை ஏறத்தாழ 64-ல் ஒரு பங்காகக் குறையும். சாதாரணக் கருவிக்கு ஒரு காசு ஒரு சாண் ஆழத்தில் தெரிந்தாலே நல்ல கருவி.

ஆகவே எதை, எங்கே தேடுகிறோம் என்பதைப் பொறுத்தே கருவி. வெள்ளி, செப்புக் காசுகளுக்கு 5 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் வரையிலான குறைந்த அதிர்வெண் போதும். பொடித் தங்கத்துக்கு 40-க்கு மேல்கூடப் போவார்கள். மோதிரம் எளிதில் அகப்படும். மெல்லிய செயின் அகப்படாது, ஒவ்வொரு கண்ணியும் தனித்தனிச் சிறு உலோகம் போலத்தான் தெரியும். கடற்கரை ஈர மணலில் உப்புநீரே மின்சாரம் கடத்துவதால் ஒற்றை அதிர்வெண் கருவி ஓயாமல் கத்தும். அங்கே பல அதிர்வெண் கருவியோ துடிப்பு வகையோ வேண்டும். துடிப்பு வகை இரும்புச் சத்துள்ள செம்மண்ணிலும் தாக்குப்பிடிக்கும். ஆனால் ஆணியையும் தங்கத்தையும் சரியாகப் பிரித்துச் சொல்லாது. குப்பை நிறைந்த இடத்துக்குச் சிறிய சுருள், திறந்த வெளிக்குப் பெரிய சுருள்.

இவையெல்லாம் சரியாக அமைந்தாலும் சட்டம் இருக்கிறது. 1878-ம் ஆண்டு புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்த புதையல் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதியின்றித் தோண்டவே கூடாது. காசு எந்த மண் அடுக்கில், எதனோடு கிடந்தது என்பதுதான் அதன் வரலாறு. பிடுங்கி எடுத்துவிட்டால் அது வெறும் உலோகம்.

மாணவன் வாங்கவில்லை. நகை அவன் வீட்டு பீரோவில் இருக்கிறது.

தன் வயலில் தொலைத்த மோதிரத்தைத் தேட ஒருவர் கருவி வாங்குவது நியாயம்தான். பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். விற்பவர் பார்க்காதபோது ஓரிடத்தில் மோதிரத்தையும் இன்னோரிடத்தில் மாத்திரை அட்டையையும் ஒரு சாண் ஆழத்தில் புதையுங்கள். "எது தங்கம், காட்டுங்கள்" என்று கேளுங்கள். பத்து மீட்டர் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

தெரிந்தவர்களுக்கும் சொல்லுங்கள்.