கள்ளுக்கடையிலிருந்து பெரிய திரை வரை

விளையாட்டு மதுக்கூடம், அதாவது பெரிய திரையில் ஆட்டத்தைக் காட்டியபடி மது விற்கும் கடை, மலேசியப் புறநகர்களில் பெருகிவந்தாலும், பந்தாட்டத்தைக் கூடியிருந்து பார்க்கத் தமிழர் பலரும் நாடுவது மாமாக் கடை எனப்படும் தமிழ் முஸ்லிம் உணவகத்தையே. இங்கிலாந்தில் பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் குளிர்காலத்தில் மலேசியாவில் இரவு 11 மணிக்கே வருவதால், இரவெல்லாம் திறந்திருக்கும் அக்கடையும், உயர ஊற்றி ஆற்றப்படும் தே தாரேக் என்னும் பால்தேநீரும் ரசிகருக்கு இன்றியமையாதவை. மலைநகரான பிரிஞ்சாங்கிற்கு வடக்கே, 1500 மீட்டருக்கும் மேலான உயரத்தில், குளிரில் அமைந்த கியா பார்ம் போன்ற ஊரில் அந்தச் சூட்டின் அருமையைச் சொல்லவே வேண்டியதில்லை.

இந்தத் தேர்வுக்குப் பின்னே வலிமிகுந்த வரலாறு உண்டு. காலனிக் காலத்துத் தோட்டங்களில் பகலெல்லாம் உழைத்தவர்களின் கூலியில் ஒரு பகுதியைக் கள்ளுக்கடைகள் விழுங்கின. 1941இல் கிள்ளான் ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு அக்கடைகளை மூடவேண்டும் என்றும் கோரினர். போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படை என்னும் இளைஞர் இயக்கம் கள்ளுக்கு எதிராகவே திரண்டது. சொந்த மக்களின் மாலைப்பொழுதை மீட்க அவர்கள் காட்டிய துணிவு பாடநூல்களில் இடம்பெறத் தக்கது.

ஆகவே புதிய கடை எதுவாயினும், மதுக்கோப்பை இன்றியும் ஒரு குடும்பம் தயக்கமின்றி அமர முடிகிறதா என்பதே முதலில் பார்க்கவேண்டியது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதிபெற்றும் புறக்கணிப்பால் அங்கே ஆடமுடியாமற்போன மலேசிய அணியின் வாயிற்காவலர் ஆர். ஆறுமுகத்தைப் பற்றி, அத்தகைய மேசையில்தான் தாத்தா பேத்திக்குச் சொல்ல முடியும்.