பெட்டி கத்தினா என்ன அர்த்தம்?

ரேடார் டிடெக்டர் வாங்குற பலரும் அது பொலிஸைக் கண்டுபிடிக்கும்னு நினைக்கிறாங்க. பாவம், அந்தப் பெட்டிக்குப் பொலிஸ் யாருன்னே தெரியாது. குறிப்பிட்ட சில அலைகள் வந்து பட்டா கத்தும், அவ்வளவுதான்.

எங்க மாமா ஹட்டன்–கொழும்பு ஹயர் ஓடுறவர். வெளிநாட்டில் இருந்து லீவில் வந்த கூட்டாளி ஒருத்தர் அவருக்கு ஒரு டிடெக்டர் கொடுத்தார். "இனி தண்டப்பணமே இல்லடா தம்பி"ன்னு ஒரே சந்தோசம். கையேடு முழுக்க இங்கிலீஷ் என்பதால் வாசித்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது.

திரையில் எக்ஸ், கே, கேஏ, லேசர்னு நாலு எழுத்து வரும். முதல் மூணும் ரேடார் அலைவரிசைகள். ரேடார் கன் ஒரு அலையை அனுப்பும். ஓடுற வண்டியில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் கொஞ்சம் மாறும். 24 கிகாஹேர்ட்ஸ் கன்னுக்கு முன்னால் 50 கிலோமீட்டர் வேகத்தில் போனா, அந்த மாற்றம் ஏறத்தாழ 2,200 ஹேர்ட்ஸ். இதை வைத்துத்தான் வேகத்தைக் கணக்கிடுகிறது.

சிக்கல் என்னன்னா, இந்த 24 கிகாஹேர்ட்ஸ், அதாவது கே, கடைகளின் தானியங்கிக் கதவிலும் இருக்கு; சில கார்களின் பக்கவாட்டு எச்சரிக்கைக் கருவியிலும் இருக்கு. நுவரெலியா டவுனுக்குள் போனா பெட்டி ஓயாது. "இது நாய் மாதிரிடா, திருடனுக்கும் கத்துது, தபால்காரனுக்கும் கத்துது"ன்னார் மாமா. அதை இதைவிட நல்லா என்னால் விளக்க முடியாது. டவுனுக்குள் உணர்திறனைக் குறைக்க ஒரு பொத்தான் இருக்கு, காட்டிக் கொடுத்தேன்.

சத்தத்தின் போக்கையும் கவனிக்கணும். மெதுவா ஆரம்பிச்சுக் கூடிக்கொண்டே போனா, தொடர்ந்து அலை விடுற ஏதோ ஒன்றை நெருங்குறோம். அமைதியா இருந்தது திடீர்னு உச்சத்தில் கத்தினா, பக்கத்தில் யாரோ இப்போதான் கன்னை அழுத்தியிருக்கலாம். லேசர்னு வந்தா கதை பெரும்பாலும் முடிஞ்சது. ரேடார் அலை விரிந்து சிதறும், அதனால் தூரத்திலேயே கொஞ்சம் மாட்டும். லேசர் கற்றை 300 மீட்டர் தள்ளியும் ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலம்தான். உங்க வண்டியைக் குறி வைத்து அடிச்சா, அரை நொடிக்குள் வேகம் பதிவாகிடும். பெட்டி அதுக்குப் பிறகு கத்தி என்ன பிரயோசனம்?

இதெல்லாம் நேரான ரோட்டுக்கு. அவிசாவளைப் பக்கம் பெட்டி ஓரளவு உதவும். கினிகத்தேனை ஏறின பிறகு வளைவுக்கு வளைவு மண்மேடு. இந்த அலைகள் மலையைத் துளைச்சு வராது. நாம வளைவைத் திரும்பும்போது பெட்டியும் கத்தும், பொலிஸும் கண்ணுக்குத் தெரிவார்.

அதனால்தான் நம்ம ஊரில் இன்னமும் எதிர் வண்டியின் லைட்டை நம்புறாங்க. எதிரே வர்ற பஸ் ரெண்டு தரம் லைட் அடிச்சா முன்னால் ஏதோ இருக்கு. ஆனா அந்த 'ஏதோ' பொலிஸா, மரம் விழுந்திருக்கா, மண் சரிஞ்சிருக்கா? சில நேரம் 'நான் வர்றேன், நீ நில்லு' என்பதும் அதே லைட்தான். பொலிஸ்னு நினைச்சு பெல்ட்டை மாட்டிக்கொண்டு போனா நடுரோட்டில் பாறை கிடக்கும். பெட்டிக்கு இருக்குற அதே குறை இங்கயும்.

எனக்கு உறுத்துவது வேற. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்ல குறுக்குப் பாதையில் பஸ் ஒன்று வேனிலும் முச்சக்கரவண்டியிலும் மோதி 7 பேர் செத்தாங்க. 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டிஎல்லயில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர். இந்த மாதிரி இறக்கங்களில் பிரேக் சூடேறுவதையோ சாரதிக்குத் தூக்கம் வருவதையோ சொல்ல மாமாவின் பெட்டியில் எந்த எழுத்தும் இல்லை. தண்டப்பணம் மிச்சமாகும், சரி. பின் சீட்டில் இருக்கும் 14 பேருக்கு அதில் என்ன இருக்கு?

இதைக் கேட்டப்போ மாமா கோவிக்கல. "ஏறின கியரிலேயே இறங்கணும், அது எங்க அப்பா காலத்துச் சட்டம்டா"ன்னார். நீண்ட இறக்கம் முடிஞ்சதும் வண்டியை ஓரங்கட்டி, டயர் பக்கம் குனிஞ்சு மோந்து பார்ப்பார். கருகின வாடை வந்தா எல்லாருக்கும் ஒரு பிளேன்டீ. தாமதமாகுதுன்னு முணுமுணுக்கிறவங்க அப்பவும் இருப்பாங்க.