பவளத்துக்கு ஏற்ற ஒளி

பவளம் என்றதும் நம்மில் பெரும்பாலோர்க்கு நினைவில் எழுவது பெண்டிர் கழுத்தில் விளங்கும் செந்நிற மாலையே. திருக்குர்ஆனின் ‘அர்ரஹ்மான்’ அத்தியாயம் முத்தையும் பவளத்தையும் சேர்த்தே குறிப்பிடுகின்றது. அங்கு வரும் ‘மர்ஜான்’ என்னும் சொல்லைப் பெண்மக்களுக்குப் பெயராகச் சூட்டும் குடும்பங்களும் நம்மிடையே உண்டு. ஆயினும் பவளம் ஓர் உயிர் என்பதையும், அதற்கும் பசி உண்டு, நோவு உண்டு, அண்டை வீட்டுச் சண்டையும் உண்டு என்பதையும் நாம் எண்ணிப் பார்ப்பது அரிது.

கடற்கரைக்கு நெடுந்தொலைவில், சிறுவாணித் தண்ணீரைப் பருகி வாழும் கோயமுத்தூர்வாசியாகிய நமக்கு இதை எண்ணிப் பார்க்கும் தேவை வந்தது நம் தம்பி மகனால். துபாயிலுள்ள உறவினர் இல்லத்துக்குச் சென்று திரும்பிய அவன், அங்கே கண்ணாடித் தொட்டிக்குள் கிளைத்து நின்ற பவளங்களைக் கண்டு மயங்கி வந்திருந்தான். “நல்ல லைட்டா நாலு மாட்டினாப் போதும்னு கடைக்காரர் சொல்றாருங்க பெரியத்தா” என்றான். அவன் தாயாரோ, “உயிரைக் காசு கொடுத்து வாங்கி வந்து வீட்டில் சாகவிடுவதா?” என்று மறுத்துவிட்டார். வழக்கு நம்மிடம் வந்தது. இரு தரப்பும் ஏற்கும் விடை சொல்ல வேண்டுமானால் முதலில் நாம் கற்றாக வேண்டும் அன்றோ?

கற்றதைச் சுருக்கமாகச் சொல்வோம். பவளப்பாறை என்பது கோடிக்கணக்கான சின்னஞ்சிறு உயிர்கள் சுண்ணாம்பினால் கட்டிக்கொள்ளும் கூட்டு வீடு. அவ்வுயிரின் சதைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பகலில் அவை ஒளியைக்கொண்டு உணவு சமைத்து, அதில் பெரும்பகுதியை வீட்டுக்காரருக்கு வாடகை போல் அளிக்கின்றன. ஒளி குறைந்தால் பவளம் பட்டினி கிடக்கும். ஒளி மிகுந்தாலோ பாசியின் சமையலே நஞ்சாகிவிட, பவளம் அதனை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப் போகும். வெளுத்த பவளம் உடனே மடிவதில்லை. ஆனால் பாசி திரும்பி வராவிடில் நெடுநாள் பிழைப்பதுமில்லை.

நம் பெண்டிர் அணியும் செம்பவளத்துக்கு இந்தப் பாசியே கிடையாது. மத்தியதரைக் கடலின் ஒளி மங்கிய பாறைக் குகைகளிலும் ஆழங்களிலும் அது வளர்கின்றது. இருவகைக்கும் பெயர் பவளமே. ஒன்றுக்கு விளக்கு உயிர், மற்றொன்றுக்கு அது வேண்டுவதே இல்லை. ஆகவே, “பவளத்துக்கு எவ்வளவு ஒளி?” என்று பொதுவாகக் கேட்பதற்கு விடையில்லை. “இந்தப் பவளம் எங்கே வாழ்ந்தது?” என்று கேட்பதே முறை.

கொங்கு நாட்டாருக்கு இது புதிய பாடமன்று. அந்தியூர்ப் பக்கத்துக் கொடிக்கால்களைப் பார்த்தவர் அறிவர்: வெற்றிலைக்கொடியை வெட்டவெளியில் நடுவார் இல்லை. அகத்தியை வளர்த்து, அதன் நிழலில் கொடியைப் படரவிட்டு, நிழல் மிகுந்தால் அகத்திக் கிளையைக் கழித்துவிடுவார்கள். வெயிலை அளந்து கொடுக்கும் அந்தக் கைத்திறமே பவளத் தொட்டிக்கும் வேண்டும்.

இங்கே அளப்பதற்குக் கருவியும் உண்டு. பாசிக்குப் பயன்படும் ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் ஒரு வினாடிக்கு எத்தனை விழுகின்றன என்பதை ‘பார்’ மீட்டர் காட்டும். நண்பகலில் கடற்பரப்பின் மேல் அது ஏறக்குறைய 2000 காட்டும். கல்லெலும்பு இல்லாத காளான் பவளங்களுக்கு 50 முதல் 100 வரை போதும். சதைப்பற்றுள்ள பெரிய வகைகளுக்கு 100 முதல் 150. மேல்நீரில் கிளைத்து வளரும் கல்பவளங்களுக்கு 200 முதல் 350 வரை வேண்டும் என்பது வளர்ப்போர் அனுபவம். நம் கண்ணை நம்பலாகாது. செந்நிறக் கதிர்களைக் கடல் முதற் சில மீட்டர்களிலேயே விழுங்கிவிட, நீலமே ஆழம் வரை இறங்குகின்றது; எனவே தொட்டி விளக்குகளிலும் நீலம் மிகுந்திருக்கும். நீல விளக்கு நமக்கு மங்கலாகத் தோன்றும். பவளத்துக்கோ அதுவே கடும் வெயில்.

ஒளி விளக்கிலிருந்து விலக விலகக் குறைவதால், இடம் வைப்பதும் ஒளி கொடுப்பதும் ஒரே வேலையாகின்றன. புதிதாக வந்த பவளம் எவ்வகையாயினும் முதலில் தொட்டியின் அடித்தளத்தில் இருக்கட்டும். வாரத்துக்கு ஒரு படியாக, மூன்று நான்கு வாரங்களில் அதன் உரிய உயரத்துக்கு ஏற்றலாம். விளக்கு நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் எரிந்தால் போதும். இரவின் இருளும் அதற்குத் தேவை. கிளைப்பவளத்துக்கு அலைபோல் மோதும் நீரோட்டம் வேண்டும். சதைப்பற்றுள்ளதை அதே ஓட்டத்தில் வைத்தால் அதன் சதை கிழியும். இன்னொன்று, அண்டை வீட்டார் உரிமை. சில பவளங்கள் இரவில் நீண்ட கொடுக்குகளை வீசிப் பக்கத்திலுள்ளதைச் சுட்டுவிடும். நடுவில் ஒரு சாண் இடைவெளியாவது விடல் வேண்டும். தொட்டியைச் சன்னலோரம் வைப்பதும் கூடாது. வெயில் நீரைச் சூடாக்கி, வேண்டாத பாசியை வளர்க்கும்.

சூடு என்ற சொல்லில் சற்று நிற்போம். பவளத் தொட்டியின் நீர் 25 முதல் 27 டிகிரிக்குள் நிற்பது நல்லது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆடியில் கவலையில்லை. சித்திரையில் குளிர்விக்கும் கருவியின்றி இயலாது. அதன் விலையும் மின்கட்டணமும் விளக்கின் செலவை மிஞ்சக்கூடும். கடைக்காரர் சொல்லாத கணக்கு இது.

சூடு மிகுந்தால் என்னவாகும் என்பதற்கு நம் கடலே சாட்சி. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றி அமைந்த மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகள் உலகறிந்தவை. பவளப்பாறை பற்றிய முதல் அனைத்துலகக் கருத்தரங்கு 1969-இல் மண்டபத்தில்தான் கூடியது. அதே நீரில், 2016 கோடையில் வெப்பம் 30 டிகிரியைக் கடந்து நின்றபோது பவளங்கள் வெளுத்தன. உயிர்ப்பவளப் பரப்பு ஏறத்தாழ 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காடாகச் சுருங்கியது. திருமணம் ஒன்றிற்காகக் கீழக்கரை சென்றிருந்தபோது ஒரு முதியவர், தம் இளமையில் பவளக்கற்களைப் படகு படகாக வெட்டிவந்து சுண்ணாம்புக் காளவாய்க்குக் கொடுத்ததை நம்மிடம் விவரித்தார். “அது உயிர்னு அப்ப யாரு வாப்பா சொன்னா?” என்று அவர் கேட்ட கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை.

1986-இல் அத்தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 2001-இல் கல்பவளம், கரும்பவளம், கடல் விசிறி முதலியவை வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் கடுங்குற்றம். தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிலையத்தார் 2002 முதல், சிதைந்த பாறைகளில் பவளத் துண்டுகளைச் சிமெண்டுச் சட்டங்களில் கட்டிக் கடலடியில் நட்டு வருகின்றனர். எந்த ஆழம், எவ்வளவு வெளிச்சம், எத்தகைய ஓட்டம் என்று தொட்டிக்காரர் கேட்கும் அதே கேள்விகளை அவர்களும் கேட்டே இடம் தேர்கின்றனர்.

இவ்வளவையும் தம்பி மகன் முன் வைத்தோம். துபாயில் கண்ட கிளைப்பவளம் வேண்டும் என்ற ஆசையை அவனே கைவிட்டான். வனத்துறையினரிடம் கேட்டுத் தெளிந்த பின், கல்பவளம் இல்லாத சிறு தொட்டிக்கு அவன் தாயாரும் இசைந்தார். மூன்று காளான் பவளங்கள் வந்தன. முதல் வாரமே அவை சுருங்கி நிறம் மங்கின. கடைக்காரர் சொன்னபடி விளக்கு முழு வீச்சில் எரிந்துகொண்டிருந்தது. ஒளியைப் பாதியாகக் குறைத்து, பாறை நிழலுக்கு அவற்றை மாற்றினான். ஆறு வாரம் கழித்து இரண்டு, உள்ளங்கையளவு விரிந்து நிறம் பெற்றன, ஒன்று பிழைக்கவில்லை. அந்த ஒன்றுக்காக அவன் அன்று உண்ணாதிருந்தான் என்று அவன் தாயார் நம்மிடம் பிறகு சொன்னார்.

பிள்ளைகள் இத்தகைய ஆசையோடு வரும்போது உடனே மறுக்கவும் வேண்டாம்; உடனே பணம் எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம். அவ்வுயிர் எங்கே வாழ்ந்தது, எவ்வளவு ஒளியில் வாழ்ந்தது, அதனை எடுத்துவரச் சட்டம் இடந்தருகிறதா என்ற மூன்றுக்கும் விடை தேடிவரச் சொல்லுங்கள். நம் பொறுப்பில் வந்த உயிர் அமானிதம். விடையோடு வரும் பிள்ளையிடம் அதனை நம்பி ஒப்படைக்கலாம்.