வாசலில் வாங்கிய காசு

சென்ற பூஜை விடுமுறையில் நண்பர் இருவரும் நானும் பூட்டானுக்குப் போய்வந்தோம். ஸியால்டாவில் ரயிலேறி, ஹாசிமாராவில் இறங்கி, எல்லைப்புற ஊராகிய ஜெய்காவ்னை அடைந்தோம். ஒரே புழுதி, ஒரே இரைச்சல். ஒரு வளைவைத் தாண்டினால் பூட்டான்; அங்கே சந்தடியே இல்லை.

அனுமதிச் சீட்டு கேட்ட இடத்தில்தான் வந்தது வினை. இந்தியர் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய். மூன்று இரவுக்கு 3,600! சோற்றுக்கும் படுக்கைக்கும் அன்று. அந்நாட்டில் இருப்பதற்கு மட்டும். "மலையைப் பார்க்கவும் காசா?" என்று வழியெல்லாம் முணுமுணுத்தேன். (ஊரில் சிறப்புத் தரிசனச் சீட்டு வாங்கும்போது இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை.)

முன்பெல்லாம் நமக்கு இக்கட்டணம் கிடையாது. 2019-இல் எட்டு இலட்சம் மக்கள்கூட இல்லாத அந்நாட்டுக்கு மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பிரயாணிகள் வந்தார்கள்; பெரும்பாலோர் இந்தியர். 2020-இல் சட்டம் செய்து, கொரோனாவுக்குப் பின் 2022 செப்டம்பரில் நாட்டைத் திறந்தபோது நம்மிடமும் வசூலிக்கத் தொடங்கினார்கள்.

பாரோவில் நாங்கள் தங்கிய சிறு விடுதியின் சமையலறையில் என் முணுமுணுப்பு நின்றது. அங்கிருந்த அரிசி மூட்டை, எண்ணெய், வெங்காயம் எல்லாம் நம் நாட்டுச் சரக்கு. வெளியே நின்ற வாடகைக் காரும் அப்படியே. அதற்கு ஊற்றும் பெட்ரோலும் அப்படியே. பொருளாதாரம் படிக்கிறவனுக்கு இதை விளக்க ஆசிரியர் வேண்டியதில்லை. நான் விடுதிக்குக் கொடுத்த ரூபாயில் ஒரு பங்கு, வந்த வழியே லாரி ஏறி ஜெய்காவ்னுக்குத் திரும்பிவிடுகிறது. பூட்டானின் நுல்ட்ரமும் நம் ரூபாயும் மதிப்பில் ஒன்றுதான். ஆனாலும் ரூபாயை அவர்கள் அச்சிட முடியாது. 2012-இல் இந்திய ரூபாய்க்கே அங்கே பெரும் தட்டுப்பாடு உண்டாயிற்று. வாசலில் வாங்கும் 1,200 நேரே சர்க்கார் கஜானாவுக்குப் போகிறது. பள்ளிக்கூடமும் வைத்தியமும் இலவசமாக நடத்தும் சர்க்கார் அது.

இந்த ஞானோதயத்தை விடுதி அம்மாளிடம் பெருமையோடு சொன்னேன். இந்தியில்தான் பேச்சு, என் இந்தி அவருடையதைவிட மோசம். அவர் சிரிக்கவில்லை. மாடியில் பூட்டிக்கிடந்த நான்கு அறைகளைக் காட்டினார். கட்டணம் வந்தபின் குடும்பத்தோடு வரும் இந்தியர் குறைந்துவிட்டார்களாம். 2023-இல் வந்த மொத்தப் பிரயாணிகள் ஓர் இலட்சத்துக்குச் சற்று மேல்தான். அறைகள் கட்ட வாங்கிய கடன் மட்டும் குறையவில்லை. மகன் ஆஸ்திரேலியாவில் வேலை செய்து அதை அடைக்கிறான். "அவன் படித்தது இங்கே, இலவசமாகத்தான்" என்றார். அது சர்க்காருக்கு நன்றியா, குறையா என்று எனக்கு விளங்கவில்லை.

புறப்படும்போது, "உங்கள் கல்லூரிப் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புங்கள்" என்றார். இதுவரை நான்கு பேரிடம் சொல்லிவிட்டேன். 3,600 என்றதும் நால்வரும் டார்ஜிலிங் என்கிறார்கள்.