தடவிப் பார்க்கும் கை

நாய் வளர்ப்பவர்களிடம் பிரியத்துக்குப் பஞ்சம் கிடையாது. தூக்கிக் கொஞ்சுகிறோம், பிஸ்கட் போடுகிறோம், மடியில் கிடத்திப் படம் பிடித்து உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்புகிறோம். அந்த உடம்பை உற்றுப் பார்க்கிறோமா என்று கேட்டால்தான் பல வீடுகளில் பதில் வருவதில்லை. காதுக்குள் என்ன இருக்கிறது, ஈறு என்ன நிறம், நேற்றுக் குடித்த அளவு தண்ணீர் இன்றைக்கும் குடித்ததா, மலம் கெட்டியாகப் போயிற்றா? நாய்க்கு வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. அதோடு நில்லாமல், முடிந்தவரை வலியை மறைக்கவும் பார்க்கும். வாலை ஆட்டிக்கொண்டே காய்ச்சலில் வாடும் நாய்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் நாய் வளர்ப்பில் முதல் வேலை பார்ப்பதுதான் என்று நினைக்கிறேன். சோறும் ஊசியும் சங்கிலியும் அதற்குப் பிறகு.

எங்கள் வீட்டில் இருப்பது செவலை. தெருவில் பிறந்த நாட்டு நாய். இங்கே மதுரைப் பக்கம் கால்நடை மருத்துவமனையை இன்னும் மாட்டாஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். குட்டியாக இருந்தபோது செவலையைத் தூக்கிக்கொண்டு போன இடத்தில், அந்த டாக்டர் மருந்துச் சீட்டு எழுதுவதற்கு முன்னால் ஒரு பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தார். "கொஞ்சுற நேரத்துல விரலுக்கும் கொஞ்சம் வேலை குடுங்கம்மா." தலையில் ஆரம்பித்து வால் வரைக்கும், முடிக்கு எதிர்த்திசையில் விரல்களை நுழைத்துத் தடவ வேண்டும். காது மடலின் உள்பக்கம், கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குள், தொடை இடுக்கு, கால் விரல்களுக்கு நடுவில். உண்ணி தேடிப் போகும் இடங்கள் இவைதான்.

நம் ஊர் வெப்பத்துக்கு உண்ணி வருஷம் முழுவதும் இருக்கும். அது இரத்தம் குடிப்பதைவிடப் பெரிய ஆபத்து, அது கொண்டுவரும் காய்ச்சல். உண்ணியின் வழியாக உள்ளே போகும் கிருமிகளில் ஒருவகை சிவப்பணுக்களைச் சிதைக்கும், இன்னொருவகை வெள்ளணுக்களுக்குள் குடியேறும். நாய் முதலில் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுக்கும். பிறகு ஈறு வெளுக்கும். சில நாய்களுக்கு மூக்கில் இரத்தம் வரும். முதல் கட்டத்திலேயே கொண்டுபோனால் மருந்துக்குக் கட்டுப்படும். இரண்டு நாள் பார்க்கலாம், மூன்று நாள் பார்க்கலாம் என்று வீட்டில் வைத்துக்கொண்டிருந்தால் கைமீறிப் போய்விடும்.

உண்ணியைக் கண்டால் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும். விரலால் நசுக்கக் கூடாது. மண்ணெண்ணெய் ஊற்றும் வழக்கம் இன்னும் ஊர்ப்புறத்தில் இருக்கிறது. அது நாயின் தோலைப் புண்ணாக்கும், நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும். பலரும் விட்டுவிடுவது வீட்டைத்தான். பெண் உண்ணி நாயின் மேல் முட்டையிடுவதில்லை. கீழே இறங்கி, சுவர் வெடிப்பிலும் கதவு நிலையின் சந்திலும் ஆயிரக்கணக்கில் இட்டு வைக்கும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டு அது படுக்கும் சாக்கை மாற்றாமல் இருந்தால் அடுத்த மாதம் பழையபடி உண்ணி ஏறும்.

மூக்கு ஈரமாக இருந்தால் உடம்பு நன்றாக இருக்கிறது என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். தூங்கி எழுந்த நாயின் மூக்கு காய்ந்திருக்கும், நோயில் கிடக்கும் நாயின் மூக்கு ஈரமாகவும் இருக்கும். ஈறுதான் உண்மையைச் சொல்லும். உதட்டைத் தூக்கி ஈறை விரலால் ஒருமுறை அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் திரும்பச் சிவக்க வேண்டும். நாயின் இயல்பான உடல் வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும். அதனால் நம் கைக்கு அது எப்போதும் கொஞ்சம் சூடாகத்தான் தெரியும். சுடுகிறதே என்று வீட்டிலிருக்கும் காய்ச்சல் மாத்திரையையோ வலி மாத்திரையையோ உடைத்துப் போடுவது மிகவும் ஆபத்து. நாம் சாதாரணமாக விழுங்கும் இபுப்ரோஃபென் நாயின் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும்.

சாப்பாட்டிலும் இதே கதைதான். நாம் சாப்பிடுவதை அதற்கும் வைப்பது நம் வழக்கம், அதில் அன்பு இருக்கிறது. ஆனால் வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை அழிக்கும். மீந்த கறிக்குழம்பைச் சோற்றில் பிசைந்து வைக்கும்போது இரண்டுமே அதில் கரைந்து இருக்கின்றன. பாயசத்திலும் கேசரியிலும் கிடக்கும் உலர்திராட்சை சில நாய்களுக்குச் சிறுநீரகச் செயலிழப்பு வரை கொண்டுபோகும். சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் நாயின் உடம்பில் எளிதில் கரையாது, இதயத்தைத் தாக்கும். வேகவைத்த கோழி எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் கிழிக்கும். நாய் என்றால் எலும்பு தின்னத்தானே வேண்டும் என்று வாதாடுகிறவர்களிடம் நான் விட்டுக்கொடுப்பதில்லை. உப்பில்லாமல் வேகவைத்த கறியோ முட்டையோ சோற்றோடு கொடுத்தால் செவலை தட்டை நக்கிவிட்டுப் போகிறது.

வெயில் காலத்தில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். நமக்குப் போல் உடம்பெல்லாம் வியர்ப்பது நாய்க்குக் கிடையாது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். அக்னி நட்சத்திர நாட்களில் காலை பத்து மணிக்குத் தார்ச்சாலையில் நாயை நடத்திக் கூட்டிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதறுகிறது. அவர்கள் காலில் செருப்பு இருக்கிறது. புறங்கையைச் சாலையில் வைத்து ஏழு வினாடி தாங்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. கட்டிப்போடும் வீடுகளில் இன்னொன்றும் நடக்கிறது. காலையில் நிழல் பார்த்துத்தான் கட்டுகிறார்கள். வேலைக்குப் போய்விடுகிறார்கள். மதியத்தில் நிழல் நகர்ந்துவிடுகிறது, சங்கிலி நகர்வதில்லை. தண்ணீர்ச் சட்டியும் கவிழ்ந்து கிடக்கும். அப்படி வெயிலில் துவண்ட நாயைக் கண்டால் முதலில் தண்ணீரை ஊற்றி நனைத்து, காற்றாடிக்கு அடியில் போட்டு, அதற்குப் பிறகு வண்டியில் ஏற்ற வேண்டும். சூடு ஏறிய உடம்போடு ஆஸ்பத்திரி வரைக்கும் போவதற்குள் காலம் கடந்துவிடும்.

இந்த ஊரில் ஹஸ்கி வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். சைபீரியாவின் பனியில் வண்டி இழுத்த இனம் அது. இரட்டை அடுக்கு முடியோடு சித்திரை மாதத்தைத் தாண்ட வேண்டியிருக்கிறது. 2003-ல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு பையனின் பின்னாலேயே நடந்த பக் நாயைப் பார்த்துவிட்டு நாடெங்கும் பக் குட்டி தேடி அலைந்தார்கள். சப்பை மூக்கால் மூச்சுவிடவே சிரமப்படும் பிராணி அது. நாட்டு இனம் வாங்கிவிட்டோம் என்பதாலும் பொறுப்பு முடிந்துவிடாது. 2005-ல் அஞ்சல் துறை இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் இடம்பெற்றது. நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் அந்த வெள்ளைக் குட்டிகளில் சில செவிடாகவே பிறக்கும். வாங்குவதற்கு முன்னால் பின்புறம் நின்று கைதட்டிப் பார்க்க வேண்டும். சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்டி வந்த நாய்கள். ஓட வேண்டும் என்பது அவற்றின் எலும்பிலேயே இருக்கிறது. மூன்றாம் மாடி வீட்டின் பால்கனியில் ஒரு சிப்பிப்பாறையைக் கட்டி வைப்பதை நான் அன்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இவ்வளவும் நாயைப் பார்ப்பது. நாய்க்கு எதிரில் நிற்கும் மனிதரைப் பார்ப்பது தனி. எங்கள் தெருவில் பால் போடும் அம்மாவுக்கு நாய் என்றாலே நடுக்கம். சின்ன வயதில் கடிபட்டு, தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்டுக்கொண்டவர். அந்தப் பழைய ஊசி இந்தியாவில் 2004-ஓடு நின்றுபோனது. அந்த வலியின் நினைவு அவருக்கு இன்னும் போகவில்லை. நாயை அவிழ்த்துவிட்டுக்கொண்டு, எதிரில் ஒதுங்கும் ஆளிடம் "ஒண்ணும் பண்ணாதுங்க, சும்மா வாங்க" என்று சொல்லும் உரிமையாளர்கள் இருக்கிறார்களே, அவர்கள் நாய்க்கும் நல்லது செய்யவில்லை. பயந்தவர் கையை உயர்த்துவார், ஓடுவார், நாயும் மிரண்டு பாயும். பழி நாயின் மேல் விழும். சங்கிலியைக் குறுக்கிப் பிடித்து ஓரமாக நின்று அவரைப் போகவிடுவதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? நாய் தெருவில் மலம் கழித்தால் அள்ளிப் போடுவதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

கடிக்கும் நாய் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் கடிக்கிறது. உதட்டை நக்கும், தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடும், முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும், உடம்பு விறைக்கும். வால் ஆடுவதாலேயே சந்தோஷம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. குழந்தை மேலே விழுந்து புரளும்போது இந்த அடையாளங்களைக் கண்டால் உடனே குழந்தையை எடுத்துவிட வேண்டும். உறுமியதற்காக நாயை அடிப்பது மோசமான பயிற்சி. அடிபட்ட நாய் உறுமுவதை நிறுத்திவிடும், அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும்.

வெறிநோய்த் தடுப்பூசியைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் தகும். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் ஊசி, டாக்டர் சொல்லும் நாளில் அடுத்தது, பிறகு வருஷம் தவறாமல். பார்வோ முதலான நோய்களுக்கான ஊசி அதற்கும் முன்பே, ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தொடங்க வேண்டும். வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற மருந்து கிடையாது, மனிதருக்கும் சரி, நாய்க்கும் சரி. அதனால் யாருக்குக் கடி விழுந்தாலும், சிறு கீறலாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்கக் கூடாது. கழுவிய கையோடு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும், அங்கே ஊசி இலவசம். ஆழமான கடி என்றால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் தேவைப்படும், அதைக் கேட்டு வாங்க வேண்டும். வளர்த்த நாய்தானே கடித்தது என்று விட்டுவிடக் கூடாது.

பெண் நாய் வளர்க்கும் வீடுகளில் கருத்தடையைப் பாவம் என்று தள்ளிப்போடுகிறார்கள். அறுபத்து மூன்று நாளில் ஐந்தாறு குட்டிகள் வந்த பிறகு சாக்கில் கட்டிச் சந்தைப் பக்கம் கொண்டுபோய் விடுவதுதான் பாவம். அறுவை செய்யாத பெண் நாய்களுக்கு வயதான காலத்தில் கருப்பையில் சீழ் கோக்கலாம். அதிகத் தண்ணீர் குடிப்பதும் சோர்ந்து படுப்பதும்தான் அதன் முதல் அடையாளம். இதற்கும் அந்தப் பார்க்கும் கண் வேண்டியிருக்கிறது.

தீபாவளிக்கு நாய்கள் காணாமல் போவதும் ஆண்டுதோறும் நடக்கிறது. நம் காது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், நாயின் காது சுமார் 45,000 வரை. சரவெடியில் அது பைத்தியம் பிடித்ததுபோல் ஓடும். அன்றைக்கு உள் அறையில் சன்னலைச் சாத்தி, வானொலியைச் சத்தமாக வைத்து, கூட ஒருவர் இருக்க வேண்டும். பட்டையில் கைபேசி எண்ணும் இருக்கட்டும்.

எனக்கு ஆறாத கோபம் வருவது கிழட்டு நாயைக் கொண்டுபோய் விடுகிறவர்கள் மேல்தான். ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டுக் காரைக் கிளப்புகிறார்கள். வண்டியின் பின்னால் ஓடியும் பிடிக்க முடியாமல், மறுநாளும் அதே மைல்கல்லுக்குப் பக்கத்தில் படுத்திருந்த ஒரு லேப்ரடாரைப் பார்த்திருக்கிறேன். பசியிலும் தாகத்திலும் வாடும்படி பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறை செய்தவருக்கு அந்தச் சட்டம் வைத்திருக்கும் அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. அந்தக் காசுக்கு இன்றைக்கு நாய்க்கு வாங்கும் நல்ல பட்டைகூடக் கிடைக்காது. சட்டம் திருந்த வேண்டும் என்று கேட்பவர்களோடு நானும் நிற்கிறேன்.

போன வாரம் எதிர்வீட்டுப் பெண் வந்து, "அக்கா, பையன் ராஜபாளையம் குட்டி கேட்டு ஒத்தக்கால்ல நிக்கிறான், வாங்கிக் குடுக்கலாமா?" என்றாள். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்று கேட்டேன். மாமியார் இருப்பார், அவருக்கு முழங்கால் வலி. பையன் இப்போது ஏழாவது படிக்கிறான். நாய் பன்னிரண்டு வருஷம் இருந்தால் அதன் கடைசிக் காலத்தில் அவன் எங்கே வேலையில் இருப்பானோ. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள், டாக்டர் செலவுக்கு மாதம் எவ்வளவு எடுத்து வைக்க முடியும் என்றெல்லாம் பேசினோம். அவள் வாங்க வேண்டாம் என்று முடிவு செய்யவில்லை, வாங்குவதாகவும் சொல்லவில்லை. அதுவரைக்கும் பையனைச் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு அனுப்பச் சொன்னேன். வருகிறான். முதல் நாள் செவலையின் காதுக்குள் விரலை விடவே தயங்கினான். நேற்று முன்னங்கால் விரல் சந்திலிருந்து ஒரு உண்ணியை அவனே கண்டுபிடித்து, இடுக்கியைக் கேட்டு வாங்கினான்.